பத்து மணி வரைக்கும் நின்றவர்கள்

1

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். அதிலும் கணக்கில் கோட்டை விட்டவள். கூட்டம் என்றால் கதவுப் பக்கமாகப் பார்த்து உட்காருகிறவள்.  அப்படிப்பட்டவள் தலைவர்களைப் பற்றி எழுத வந்திருக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் தோட்டத்து ஆட்கள் படித்தால் கோபப்படவும் கூடும். அதனால் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் கீழ் டிவிசன். அவ்வளவு போதும்.

என் அப்பா அந்த டிவிசனுக்குத் தலைவராக இருந்தவர். லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர்களுக்கும் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கும் நடுவில் நிற்கிற சங்கத் தலைவர். நான் பிறந்ததிலிருந்து ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மாகூட அடுத்தவர்களிடம் பேசும்போது "தலைவரு சாப்பிட்டாரு" என்றுதான் சொல்வாள். அவர் காலமாகி வருகிற மாதம் ஒரு வருடம். இப்போது என் தம்பி சந்திரன்தான் தலைவர். முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு எழுதித் தரச் சொல்லித் தம்பி கேட்டிருந்தான்.

"ரெண்டு பக்கம் போதும்க்கா. சுவிஸ்ல இருக்குற மக எழுதினான்னா ஒரு கெத்து. படமும் சேத்து அனுப்பு. கோட்டுப் போட்ட படம்."

அந்த இரண்டு பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இல்லம் மேட்டில் இருக்கிறது, நாங்கள் குடியிருப்பது கீழே. படுக்கை விரிப்பு, துவாலை, பாட்டிமார்களின் இரவுச் சட்டை எல்லாம் துவைத்து, உலர்த்தி, மடித்து, மாடி மாடியாக அனுப்ப வேண்டும். நாங்கள் நாலு பேர். ராணியும் கலாவும் யாழ்ப்பாணப் பக்கம். செலாம் என்கிற பெண் எரித்திரியா நாட்டுக்காரி, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அகதிகள் விடுதியில் இருக்கிறாள். இந்த நாட்டுப் பேச்சில் அவளுக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். மற்றதெல்லாம் சிரிப்பு.

எங்கள் மேலாளரின் பெயர் மார்ட்டினா. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது பழகவே பல மாதம் பிடித்தது. தொரையின் ஜீப் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு ஓரத்து வாய்க்காலான கானுக்குள் இறங்கி நின்ற கால்கள் இவை. மார்ட்டினா உள்ளே வந்தால் இன்றைக்கும் என் கை தானாக நின்றுவிடும், முதுகு நிமிர்ந்துவிடும். "இது பட்டாளம் இல்லை, வேலையைப் பார்" என்று அவள் சிரிப்பாள். எங்கள் பிறந்தநாளுக்குக் கேக் செய்துகொண்டு வருவாள். அவளுடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு. அது எப்போதும் திறந்தே இருக்கும்.

இந்த மாதத் தொடக்கத்தில் அவள் எங்களைக் கூப்பிட்டு, புது இயந்திரம் வருகிறது, அதைக் காலையில் முன்கூட்டியே ஓட விட வேண்டும், ஒன்றாம் திகதியிலிருந்து ஆறு மணிக்குப் பதில் ஐந்து மணிக்கு வேலை தொடங்கும் என்றாள். எல்லாவற்றையும் புன்சிரிப்போடுதான் சொன்னாள்.

"யாருக்காவது சிரமம் இருந்தால் வந்து சொல்லுங்கள். என் கதவு திறந்திருக்கிறது."

சிரமம் என்னவென்றால், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. முதல் பஸ்ஸே ஐந்தரைக்கு மேல்தான். எங்கள் நாலு பேரிடமும் கார் இல்லை. நடந்தால் ஒரு மணி நேரம், அதுவும் ஏற்றம். மழைக்காலம் போனால் பனிக்காலம். என் வலது முழங்கால் இரண்டு வருடமாகவே பெரிய பாடுபடுத்துகிறது. மாடிப்படியிலேயே சத்தம் போடும்.

3

"அக்கா, நீங்கள் போய்க் கதையுங்கோ" என்றாள் ராணி. "நீங்கள் தலைவரின்ர மகள் எல்லே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. வெட்கப்பட்டே வாழ்ந்தவளுக்கு ஒரு நாள் அப்பாவின் இடத்தில் நிற்கக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சரி என்றுவிட்டேன்.

வீட்டில் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தலைவர் மக ஸ்ட்ரைக் பண்ணப் போறாளாம். நாளைக்குச் சலவைக்கூடத்துல செவப்புக் கொடி பறக்கும்" என்றார். அவரும் மலைநாட்டுக்காரர், ஹல்துமுல்லைப் பக்கம். அவருக்கு எதுவும் சிரிப்புத்தான்.

மகள் நிவேதா சிரிக்கவில்லை. அவள் இங்கே பிறந்தவள், வங்கியில் வேலை பழகுகிறாள். நான் பேச வேண்டிய வாக்கியங்களை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். நான் சமையலறையில் நின்று பத்துத் தடவை ஒப்பித்தேன். ஒவ்வொரு தடவையும் "நாங்கள்" என்று தொடங்கினேன்.

"ஏன் அம்மா நீங்க மட்டும் பேசணும்? நாலு பேரும் சொல்லலாம்தானே?"

"அப்படிப் பேசினா பலம் இல்லம்மா. ஒருத்தர்தான் பேசணும். மத்தவங்க பின்னால நிக்கணும்."

"பேசாம நின்னா அவங்களுக்கு என்ன வேணும்னு மார்ட்டினாவுக்கு எப்படித் தெரியும்?"

"நிக்கிறதே பேச்சுத்தான். ஒனக்கு வெளங்காது."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் செய்வதுபோலத்தான்.

மறுநாள் உடுப்பு மாற்றும் அறையில் மூன்று பேரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். நான் பேசும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அவள் என்ன கேட்டாலும் சரி, என்னைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். செலாமுக்கு வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுச் சிரித்தாள்.

4

இப்படி நிற்பதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். மேல் மலையில் கொழுந்து எடுக்கிற காலம். பச்சைப்பிள்ளைக்காரிகள் நடுக்காலையில் ஒரு தடவை, பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மேல் மலை தூரம், நேரம் வீணாகிறது என்று புதிதாக வந்த தொரை அதை நிறுத்திவிட்டார். மத்தியானம்வரை பிள்ளைகள் பசியில் கத்தின. அம்மாவும் அப்போது பிள்ளைக்காரி. மடியில் இருந்தவன் சந்திரன்.

அப்பா லயம் லயமாகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நாளைக்குப் பெரட்டுல யாரும் மலைக்குப் போகக் கூடாது. நிக்கணும். நான் பேசுவேன். வேற ஒருத்தர் வாயத் தெறக்கக் கூடாது. ஒருத்தன் பேசுனான்னா தொரைக்கு அந்த ஒரு வாய அடைச்சாப் போதும். அத்தன பேரும் பேசாம நின்னா எந்த வாய அடைப்பான்?"

விடியற்காலையில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் நிறைய ஆட்கள். கணக்கப்பிள்ளை யார் எந்த மலைக்கு என்று பிரித்துச் சொன்னார், யாரும் அசையவில்லை. தொரை வந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய்ப் பேசினார். அம்மா பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். தலைவர் பெண்சாதி முன்னால் நிற்காவிட்டால் எப்படி? தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைக் காம்பரா களத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே சந்திரன் கத்துவது எல்லாருக்கும் கேட்டது. அப்புறம் தொண்டை அடைத்து, கத்தலும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவின் சட்டை முன்பக்கம் நனைந்து போயிருந்தது. மழை என்று நினைத்தேன். மழை என்றால் தோளும் அதே மாதிரி நனைந்திருக்க வேண்டுமே என்று பிறகுதான் புரிந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணி வரைக்கும் நின்றோம்.

பத்து மணிக்குத் தொரை கைத்தடியைச் சப்பாத்தில் தட்டிவிட்டு, "சரி தலைவர், ஒங்க பேச்சுக்கு மரியாதை. புள்ளைக்காரிக எறங்கி வரட்டும்" என்றார். அவ்வளவுதான். களமே ஆர்ப்பரித்தது. அன்றைக்கு எல்லாருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது, பாதி நாள் கூலி போய்விட்டது. ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. நாங்கள் நின்று வாங்கினோம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நானும்தான்.

5

மார்ட்டினாவின் அறைக்கு நாலு பேரும் போனோம். நான் முன்னால். மூன்று பேரும் பின்னால் சுவரோரம். முதுகுக்குப் பின்னால் மலை நிற்பதுபோல எனக்கு இருந்தது. மகள் சொல்லிக் கொடுத்தபடி பேசினேன். எங்களுக்குப் பஸ் இல்லை. எங்களுக்கு நடக்கத் தூரம். நாங்கள் ஆறு மணிக்கு வருகிறோம், வேண்டுமானால் சாயங்காலம் பிந்திப் போகிறோம். இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனால் முடித்துவிட்டேன்.

மார்ட்டினா பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையைச் சாய்த்து, "யார் இந்த நாங்கள்?" என்றாள்.

நான் பின்னால் கையைக் காட்டினேன்.

"ராணி, உனக்கும் சிரமமா?"

ராணி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"கலா?"

கலாவும் அப்படித்தான்.

"செலாம்? உனக்கு ஏதாவது?"

செலாம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் காத்திருந்தேன். இந்த இடத்தில்தான் தொரை கைத்தடியைச் சப்பாத்தில் தட்டுவார். மார்ட்டினா பேனாவை மூடினாள்.

"பார், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்காக நீ பேசுவது அவர்களுக்கு மரியாதை இல்லை. அவர்கள் வளர்ந்த பெண்கள். உனக்குச் சிரமம் என்றால் எனக்குச் சிரமம் என்று சொல்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு என்று சொல்லியிருக்கலாம். முழங்காலைக் காட்டியிருக்கலாம். ஆனால் மூன்று பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? நன்றி என்று சொன்னேன். நன்றி என்ற சொல்தான் வந்தது.

நடைபாதைக்கு வந்ததும் கலா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. நல்லா நிண்டனாங்கள், என்ன?"

"ஆமா" என்றேன். "நல்லா நின்னீங்க."

6

ஞாயிற்றுக்கிழமை கோயில். கோயில் என்றால் தொழிற்பேட்டைக்குள் வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். பூசை முடிந்து பொதுக்கூட்டம் நடந்தது. எங்கள் நிர்வாகத் தலைவரை எல்லாரும் தலைவர் அண்ணை என்பார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவராம். இன்னும் வகுப்பெடுக்கிற குரல்தான். திருவிழாவுக்குச் சமையல் பொறுப்பு இந்த முறையும் எங்களைப் போன்ற ஐந்தாறு மலைநாட்டுக் குடும்பங்களுக்கு என்று வாசித்தார். ஒவ்வொரு வருடமும் அதுதான். சாமி புறப்படும்போது நாங்கள் பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருப்போம்.

"ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ? இல்லைத்தானே. ஏகமனதா நிறைவேறுது."

வாசித்து முடிப்பதற்கும் ஏகமனதுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. பிறகு என்னைக் கடந்து போகும்போது அன்பாகச் சொன்னார்: "தங்கச்சி, உங்கடை ஆக்கள் எண்டால்தான் எனக்கு நிம்மதி. தோட்டத்து ஆக்கள் வேலைக்குச் சுணங்கமாட்டினம்."

அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. மார்ட்டினாவிடம் பேசாமல் நின்றால் குறை இல்லை என்று அர்த்தம். இவரிடம் பேசாமல் உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். பேசாமல் நின்றவர்களைக் கண்டு ஒருவர் பயந்தது எங்கள் பெரட்டுக்களத்தில் மட்டும்தான் என்று, அன்றைய அன்னதானத்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டே நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு ஆறுதலாக இருந்தது. அது அன்று சாயங்காலம் வரைக்கும்தான்.

ராணி துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நான் வெள்ளிக்கிழமை தனியப் போய்க் கேட்டனான். பிள்ளையளைப் பள்ளிக்கூடம் வெளிக்கிடுத்தோணும் எண்டு சொன்னன். உடனை ஓம் எண்டுட்டா. எனக்குப் பழையபடி ஆறு மணி."

"கலா?"

"அவவும் கேட்டவ. அவவுக்கும் சரியாம். மார்ட்டினா நல்லவ அக்கா. தனியக் கேட்டால் தருவா. விடிய மிஷினைப் போட ஒரு ஆள் இருந்தால் போதுமாம். நீங்களும் போய்க் கேளுங்கோ."

நான் அண்டாவைக் கவிழ்த்து வைத்தேன். கோபிக்கவில்லை. 

7

சாயங்காலம் சந்திரன் மலர் விஷயமாகக் கூப்பிட்டான். எழுதியாச்சா என்றான். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டதும், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அப்பா மாதிரி நிறுத்தினேன், பலிக்கவில்லை என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கைத்தொலைபேசி அதிர்ந்தது.

"என்னாக்கா நீ, இம்புட்டு வருசம் வெளிநாட்டுல இருந்துமா? அப்பா சும்மா ஆள நிப்பாட்டி வாங்கினாருன்னா நெனச்ச?"

"பின்ன?"

"மொத நாளு சாயந்தரமே பங்களாவுக்குப் பின்பக்கமாப் போயி, சமையக்கார அப்பு ரூம்புல ஒக்காந்து, பெரிய கிளாக்கர வச்சுத் தொரைகிட்டப் பேசி முடிச்சிட்டாரு. தொரையும் சரின்னுட்டாராம்."

"முடிஞ்சிருச்சுன்னா எதுக்குடா நாங்க நின்னோம்?"

"தொரைதான் கேட்டாராம். 'வந்த ஒடன குடுத்துட்டா என்னய எவன் மதிப்பான், பத்து மணி வரைக்கும் நிக்கட்டும்'னு. அப்பாவும் ஒத்துக்கிட்டாரு. தொரைக்கும் மதிப்பாச்சு, தலைவருக்கும் மதிப்பாச்சு. நான் தலைவரானப்ப அவரே எனக்குச் சொன்னாரு. அதான்க்கா தலைமை. எனக்கு இப்ப அந்த நிப்பாட்டுற வேலையும் இல்ல. மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப். முடிஞ்சிரும்."

"ஆளுககிட்டக் கேக்க வேணாமா?"

"ஆளுககிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

எனக்கு அந்தக் களத்துத் தூறல் கண்ணுக்குள் வந்தது. "நீ அன்னைக்குக் காம்பராவுல கத்திக் கத்தித் தொண்ட அடைச்சுப் போனடா" என்றேன்.

"எனக்கெங்கக்கா ஞாபகம் இருக்கப் போகுது?" என்றான். பிறகு குரலை இறக்கி, "இதெல்லாம் மலருல எழுதிறாத, என்ன" என்றான்.

அம்மாவிடம் கொடு என்றேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், அறிவு மந்தமில்லை.

"அம்மா, பிள்ளைக் காம்பராவுக்காகப் பெரட்டுல நின்னோமே, முதல் நாளே அப்பா பேசி முடிச்சது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? கறுப்புக் கோட்ட நாந்தானடி பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தேன். பங்களாவுக்குப் போறப்ப மட்டுந்தான அதப் போடுவாரு."

"தெரிஞ்சும் ஏம்மா நின்ன?"

 

"நான் நிக்காட்டி மத்தவளுக நிப்பாளுகளா?"

"அதுக்கில்லம்மா. தம்பி பசியில கெடந்தான். ஒனக்குப் பால் கட்டி..."

"ஒரு நாத்தான. விடு." பிறகு, "அங்க குளிரு எப்புடி? முட்டிக்குத் தைலம் தடவுறியா?" என்றாள்.

தடவுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பாமேல் முழுதாகக் கோபப்படப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்குப் பிறகு பிள்ளைக்காரிகள் இறங்கி வந்தார்கள் என்பதும் உண்மை. அவர் வாங்கித்தான் கொடுத்தார். ஆனால் வாங்கினது தாங்கள் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பேர் செத்துப் போனார்கள். ஒருத்தி மட்டும் தெரிந்துகொண்டே முதல் வரிசையில் நின்றாள். அவளுக்கு மலர் போட மாட்டார்கள். அப்பாவின் படத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள், அந்தக் கறுப்புக் கோட்டோடு.

நிவேதா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு அம்மா, என்ன பிரச்சினை?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. இங்கே ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான்.

8

மறுநாள் திங்கட்கிழமை. தேநீர் நேரத்தில் மார்ட்டினாவின் அறைக்குத் தனியாகப் போனேன். எனக்கு முழங்கால் வலி, எனக்கு நடக்க முடியாது என்று சொன்னேன். "இப்படி முதலிலேயே வந்திருக்கலாமே" என்று சொல்லி, எனக்கும் ஆறு மணி என்று குறித்துக்கொண்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றாம் திகதியிலிருந்து ஐந்து மணிக்கு வரப் போகிறவள் செலாம் மட்டும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்தும் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நான் வெளியே வந்தபோது அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தாள்.